இன்டெல் பங்கு: விற்பதா, காத்திருப்பதா, இன்னும் வாங்குவதா?

2024 ஆகஸ்ட் 1 அன்று மாலை, கணினிச் சிப்களை வடிவமைத்துத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் தன் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. 160 கோடி டாலர் நஷ்டம், சுமார் 15,000 பேர் ஆட்குறைப்பு, 1992 முதல் கொடுத்துவந்த ஈவுத்தொகை நிறுத்தம் என மூன்று செய்திகள் ஒன்றாக வந்ததில், மறுநாள் பங்கின் விலை 26 சதவீதம் சரிந்து 21 டாலர் சொச்சத்தில் முடிந்தது. 1974-க்குப் பிறகு அந்தப் பங்கு ஒரே நாளில் கண்ட மிகப் பெரிய சரிவு அது. அன்றிலிருந்து இன்டெல் பங்குதாரர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து வாதாடி வருகிறார்கள். வந்த நஷ்டத்தோடு விற்றுவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்கிறது ஒரு கட்சி. அரை நூற்றாண்டு கண்ட நிறுவனம், காத்திருந்தால் மீளும் என்கிறது இன்னொன்று. விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே இன்னும் வாங்கிச் சராசரி வாங்கும் விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது மூன்றாவது.

மூன்று கட்சியினரும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்டெல் பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. அது பிழைத்தால் அதன் பலன் இன்று பங்கு வைத்திருப்பவருக்கு வந்து சேருமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு 2025-ல் ஓரளவு விடை கிடைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். இரண்டாவதற்கு இன்னும் கிடைக்கவில்லை. முதலீட்டாளரின் பணம் தொங்கிக்கொண்டிருப்பதோ அதில்தான்.

நிறுவனம் இந்த நிலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 10 நானோமீட்டர் என்னும் சிப் உற்பத்தித் தொழில்நுட்பம் பல ஆண்டுகள் தாமதமாகி 2019-ல்தான் பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. அடுத்த தலைமுறையும் தாமதமாகும் என்று 2020 ஜூலையில் அறிவித்தபோது பங்கு ஒரே நாளில் 16 சதவீதம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் மேக் கணினிகளிலிருந்து இன்டெலை நீக்கத் தொடங்கியது. பிறருக்குச் சிப் செய்துகொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியிடம் உற்பத்தியை ஒப்படைத்திருந்த போட்டி நிறுவனமான ஏஎம்டி, சர்வர் சந்தையில் ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கால் பங்கை நெருங்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதிநுண்ணிய சிப்களை அச்சிடும் இயூவி இயந்திரங்களைச் செய்யும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தில் 2012-லேயே பங்கு வாங்கி அதன் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது இன்டெல். அந்த இயந்திரங்களை உற்பத்தியில் முந்திக்கொண்டு பயன்படுத்தி முன்னேறியது டிஎஸ்எம்சி. 2021-ல் 7,900 கோடி டாலராக இருந்த இன்டெலின் ஆண்டு வருவாய் 2024-ல் 5,310 கோடியாகக் குறைந்தது. அந்த ஆண்டின் நிகர நஷ்டம் 1,880 கோடி டாலர். நவம்பர் 2024-ல் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீட்டில் 25 ஆண்டுகளாக வகித்த இடத்தை ஏஐ சிப் நிறுவனமான என்விடியாவிடம் இழந்ததும் அதன் தொடர்ச்சியே.

முதலில், விற்றுவிட வேண்டும் என்போரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். இவர்கள் காட்டும் மிக வலுவான எண் நஷ்டக் கணக்கில் இல்லை, பணப்புழக்கத்தில் இருக்கிறது. 2024-ல் இன்டெலின் செயல்பாடுகளிலிருந்து கைக்கு வந்த பணம் சுமார் 830 கோடி டாலர். தொழிற்சாலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் செலவழித்தது சுமார் 2,390 கோடி டாலர். வரவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு செலவிடும் நிறுவனம் எதையாவது விற்றுத்தான் அந்த இடைவெளியை நிரப்பியாக வேண்டும். விற்பதற்கு இன்டெலிடம் இருந்தவை அதன் எதிர்கால வருமானத்தின் துண்டுகள். அரிசோனா தொழிற்சாலைத் திட்டத்தில் 49 சதவீதம் புரூக்ஃபீல்டு என்னும் முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. அயர்லாந்துத் தொழிற்சாலையின் 49 சதவீதம் 1,100 கோடி டாலருக்கு அப்பல்லோ என்னும் இன்னொரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. 2015-ல் 1,670 கோடி டாலருக்கு வாங்கிய ஆல்டெரா சிப் நிறுவனத்தின் 51 சதவீதத்தை, அந்த நிறுவனம் முழுவதற்கும் 875 கோடி டாலர் என்று மதிப்பிட்டு 2025-ல் விற்றார்கள். அந்த விற்பனைகளோடு, அந்தத் தொழிற்சாலைகள் ஈட்டும் லாபத்தில் பாதியை நெருங்கும் பங்கும் பங்குதாரரின் கையைவிட்டுப் போனது.

விற்கும் கட்சி எளிதில் தகர்க்கும் வாதம் ஒன்றும் உண்டு. பங்கின் விலை அதன் புத்தக மதிப்புக்கும் (கணக்கேட்டின்படி சொத்தில் கடன் போக மிஞ்சுவது) கீழே வந்துவிட்டது, இதற்கு மேல் விழ இடமில்லை என்று 2024-ல் பலர் சொன்னார்கள். விலை புத்தக மதிப்புக்குக் கீழே இருந்தது உண்மை. ஆனால் அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தவை பழைய தலைமுறை இயந்திரங்கள், வாங்கிய நிறுவனங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த விலை, வருங்கால லாபம் இருந்தால் மட்டுமே பயன்படக்கூடிய வரிச் சலுகைகள் ஆகியவை. அடுத்த காலாண்டிலேயே இவை மூன்றிலும் வெட்டு விழுந்து நஷ்டம் 1,660 கோடி டாலரானது. ஆர்டர் இல்லாத சிப் தொழிற்சாலையைச் சொத்து என்று எழுதிவைப்பது கணக்கர்களின் மரியாதை, அவ்வளவுதான். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் தேய்மானம் ஒவ்வொரு காலாண்டும் வந்து நிற்கும்.

விற்பவர் அந்தப் பணத்தை எங்கே வைக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும். ஆகஸ்ட் 2-ன் முடிவு விலையில் இன்டெலை விற்று அதே விலைச்சூழலில் டிஎஸ்எம்சியின் அமெரிக்கப் பங்குகளை வாங்கியவருக்கு 2025 முடிவில் பணம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. விற்காமல் இன்டெலிலேயே இருந்தவருக்கு ஏற்றம் 70 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது, இன்டெல் அடிமட்டத்துக்கு அருகே கிடந்து அங்கிருந்து நன்றாகவே எழுந்த காலத்தில்கூட, எந்தச் சாகசமும் இல்லாமல் போட்டியாளரின் பங்கை வைத்திருந்தவர் பின்தங்கவில்லை. இதை வைத்து இனியும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. டிஎஸ்எம்சிக்குத் தைவான் நீரிணையின் பதற்றம் என்ற தனிப் பேராபத்து இருக்கிறது, இன்டெலைத் தாங்கிப் பிடிக்க அமெரிக்கா முன்வருவதற்குக் காரணமும் அந்த ஆபத்துதான். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் சொல்லும் நியாயம் இது, அதில் பொருள் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தலைவிதியைக் கணிக்கும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்குச் செமிகண்டக்டர் குறியீட்டு நிதிகள் உள்ளன. பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

காத்திருக்கலாம் என்னும் கட்சிக்கு 2025 பெரிய தெம்பைக் கொடுத்தது. இதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் சொன்ன இரண்டாவது கேள்வி முழுவதும் இந்த ஓராண்டுக்குள் அடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் பாட் கெல்சிங்கர் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பிலிருந்து விலகினார். 2025 மார்ச்சில் லிப்-பூ டான் அந்த இடத்துக்கு வந்தார். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த டான், சிப் வடிவமைப்பு மென்பொருள் செய்யும் கேடன்ஸ் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ஆகஸ்ட் 7 அன்று அவர் உடனே பதவி விலக வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பகிரங்கமாகக் கோரினார். நான்கு நாள் கழித்து இருவரும் சந்தித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்க அரசே இன்டெலின் 9.9 சதவீதப் பங்கை, ஒரு பங்கு 20.47 டாலர் வீதம் 890 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் 23 டாலர் விலையில் 200 கோடி டாலருக்குப் பங்கு வாங்க ஒப்புக்கொண்டிருந்தது. செப்டம்பரில் என்விடியா 23.28 டாலர் விலையில் 500 கோடி டாலர் போட்டது.

அரசே பங்குதாரரான பிறகு இன்டெல் மூழ்கிவிடும் என்று நினைப்பது கடினம். அமெரிக்க மண்ணில் முன்னணித் தரத்தில் சிப் வடிவமைத்து, அதற்கான உற்பத்தித் தொழில்நுட்பத்தையும் அங்கேயே உருவாக்கும் அமெரிக்க நிறுவனம் வேறு இல்லாததால், அதை விழவிடாமல் பார்த்துக்கொள்வது வாஷிங்டனுக்கு அரசியல் கட்டாயம். இன்டெல் பிழைக்குமா என்ற முதல் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது என்று சொன்னது இதனால்தான்.

இந்த மீட்புக்கு விலை கொடுத்தவர் யார் என்று பார்த்தால் காட்சி மாறுகிறது. அரசு, சாஃப்ட்பேங்க், என்விடியா ஆகிய மூவருக்கும் வெளியிடப்படும் புதிய பங்குகளைக் கூட்டினால் சுமார் 73 கோடி வருகிறது. அதற்கு முன்பு இருந்தவை ஏறத்தாழ 437 கோடி. முன்பு இன்டெலின் லாபத்தில் 100 ரூபாய் பங்கு தனக்கு என்று கணக்கிட்டவர், ஒரு பங்கையும் விற்காமலே, இனி சுமார் 86 ரூபாய் என்று திருத்திக்கொள்ள வேண்டும். அரசு கொடுத்த 890 கோடியில் 570 கோடி, உள்நாட்டுச் சிப் உற்பத்தியை ஊக்குவிக்கும் சிப்ஸ் சட்டத்தின் கீழ் மானியமாகத் தருவதாக முன்பே ஒதுக்கி இன்னும் தராமல் இருந்த பணம். மீதி 320 கோடி, பாதுகாப்புத் துறைக்கான சிப் திட்டத்துக்கென ஒதுக்கியது. இலவசமாக வரவேண்டிய பணம் பங்கு விற்ற பணமாக மாறிவிட்டது. மானியத்தோடு வந்திருக்கக்கூடிய நிபந்தனைகள் நீங்கியது நிறுவனத்துக்கு நிம்மதி என்பதையும் மறுக்க முடியாது, ஆனாலும் அந்த நிம்மதிக்குரிய தொகையைச் செலுத்தியவர்கள் பழைய பங்குதாரர்கள்.

இதோடு ஒரு பழைய கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1990 முதல் இன்டெல் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்ட தொகை சுமார் 15,200 கோடி டாலர்; வாங்கியவை சுமார் 577 கோடி பங்குகள். சராசரியாக ஒரு பங்குக்கு 26 டாலர் ஆகிறது. பணம் கொழித்த காலத்தில் 26 டாலருக்கு வாங்கிக் கழித்த பங்குகளை, பணம் முடைப்பட்ட காலத்தில் 20 டாலருக்கும் 23 டாலருக்கும் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். மூன்று பேரிடமும் சேர்த்துத் திரட்டிய 1,590 கோடி, அன்று செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குதான். காத்திருப்போம் என்று சொல்லும் எவரும் இந்த நிர்வாக மரபை மறந்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

நிறுவனத்தைப் பிரித்து விற்றாலே இன்றைய விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற வாதமும் காத்திருப்போரிடம் உண்டு. வடிவமைப்பை ஒருவரும் தொழிற்சாலைகளை இன்னொருவரும் எடுத்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. 2024 செப்டம்பரில் செல்பேசிச் சிப் நிறுவனமான குவால்காம் வாங்குவதற்காக அணுகியதாக வந்த செய்திகள் அதற்கு உரம் போட்டன. இதை நான் பெரிதாக நம்பவில்லை. இரு நிறுவனங்களின் கணினிச் சிப்களுக்கும் அடிப்படையான எக்ஸ்86 தொழில்நுட்பத்தில் இன்டெலும் ஏஎம்டியும் செய்துகொண்டுள்ள பரஸ்பர உரிம ஒப்பந்தம், இரண்டில் எது கைமாறினாலும் முடிவுக்கு வந்துவிடும். வாங்க வருபவர் ஏஎம்டியோடும் பேசியாக வேண்டும். போதாததற்கு, உற்பத்திப் பிரிவில் இன்டெலின் பிடி 51 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னொரு 5 சதவீதப் பங்கை 20 டாலர் விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையை அரசு ஐந்து ஆண்டுகளுக்கு எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறது. பிரித்து விற்கும் கதவுக்கு அரசு போட்ட பூட்டு அது.

ஆகவே காத்திருப்பதற்கு ஒரே நியாயமான காரணம் தொழிற்சாலைகளுக்கு வெளியிலிருந்து பெரிய வாடிக்கையாளர் வருவார் என்ற எதிர்பார்ப்பு. 2024-ல் இன்டெலின் உற்பத்திப் பிரிவு 1,340 கோடி டாலர் நஷ்டப்பட்டது; அதன் வருவாய் கிட்டத்தட்ட முழுவதும் இன்டெலின் மற்றப் பிரிவுகள் கொடுத்த ஆர்டர்கள். வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே ஒஹையோ, ஜெர்மனி, போலந்து என்று அகலக்கால் வைத்தார் கெல்சிங்கர். ஜெர்மனி, போலந்துத் திட்டங்களை 2025 ஜூலையில் டான் கைவிட்டார், ஒஹையோவை மெதுவாக்கினார். 18ஏ என்னும் புதிய தொழில்நுட்பத்தில் உருவான பாந்தர் லேக் சிப்கள் அரிசோனாவின் சாண்ட்லரில் உற்பத்திக்கு வந்துவிட்டன, அது உண்மையான சாதனை. அடுத்த தலைமுறையான 14ஏ-வுக்கு முக்கியமான வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்று 2025 ஜூலை மாத அறிக்கையில் நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. என்விடியா 500 கோடி போட்டதை வாடிக்கையாளர் வந்துவிட்டதாகப் படித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் இரு நிறுவனங்களும் சேர்ந்து சிப் தயாரிப்புகளை உருவாக்குவதைப் பற்றியது. என்விடியா தன் சிப்களை இன்டெலின் தொழிற்சாலையில் செய்துகொள்ளும் என்ற உறுதி அதில் இல்லை.

மூன்றாவது கட்சியான சராசரி குறைப்போர், ஏஎம்டியை எடுத்துக்காட்டுவார்கள். 2015-ல் 2 டாலருக்கும் கீழே விற்ற ஏஎம்டி பங்கு பத்தாண்டுக்குள் 200 டாலரைத் தாண்டியது. ஆனால் ஏஎம்டி மீண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், 2009-லேயே தொழிற்சாலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துக் கழற்றிவிட்டு, எந்தத் தொழிற்சாலை சிறந்ததோ அங்கே போகும் சுதந்திரத்தைப் பெற்றது. இன்டெல் நடப்பது நேர் எதிர்த் திசையில். ஆகவே அந்த உதாரணம் பார்ப்பதற்குப் பொருந்துவது போல இருந்தாலும் இங்கே பொருந்தாது. பிளாக்பெர்ரியையும் நோக்கியாவையும் இவர்கள் சொல்வதில்லை. 2008-ல் 140 டாலரைத் தாண்டிய பிளாக்பெர்ரி, 2013-க்குள் 10 டாலருக்கும் கீழே வந்தது. அந்த நிறுவனம் இன்றும் மென்பொருள் விற்றுக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறது. நோக்கியாவும் தொலைத்தொடர்புக் கருவிகளைச் செய்து பிழைத்துவிட்டது. இரண்டுமே பிழைத்தன, ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்கு முதலுக்கே மோசம்.

இன்டெலிலேயே அதற்குச் சான்று உண்டு. 2000 ஆகஸ்டில் 75 டாலர் வரை போன பங்கு, 2025 முடிவு வரை அந்த உயரத்தை மறுபடி தொடவில்லை. இடைப்பட்ட காலத்தில் கிடைத்த ஈவுத்தொகைகளை அப்படியே கூட்டினாலும் அன்று போட்ட முதல் திரும்பவில்லை. 2021-ல் 60 டாலருக்கு மேல் வாங்கி, 50-ல் கொஞ்சம், 40-ல் கொஞ்சம், 30-ல் கொஞ்சம் என்று சராசரி குறைத்தவர் ஒவ்வொரு முறையும் அது மலிவு என்றுதான் நினைத்திருப்பார். விலை இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவதை நான் எந்தச் சூழலிலும் ஆதரிக்க மாட்டேன். 14ஏ-வுக்குப் பெயர் சொல்லக்கூடிய வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பிறகு வாங்குபவர் 10 டாலர் கூடுதலாகக் கொடுக்க நேரலாம். அந்த 10 டாலர், தெரியாத ஒன்று தெரிந்ததற்கான விலை. அதைக் கொடுப்பது தவறில்லை.

இன்டெல் பங்கு வைத்திருக்கும் தமிழர்களில் ஒரு பகுதியினர் சந்தையில் வாங்கியவர்கள் அல்லர். பெங்களூரிலும் பினாங்கிலும் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்து, சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பங்கு பெற்றவர்கள். அவர்களுக்கு மட்டும் என் விடை வேறு, அதில் தயக்கமும் இல்லை. சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தில் இருந்தால், ஆட்குறைப்பும் விலைச்சரிவும் ஒரே நாளில் வரும். 2024 ஆகஸ்டில் அப்படித்தான் வந்தன. பங்கு கைக்கு வந்தவுடன் பெரும்பகுதியை விற்றுப் பிரித்து வைப்பது, நிறுவனத்தின் எதிர்காலம் பற்றிய எந்தக் கருத்தும் தேவைப்படாத முடிவு. இந்தியாவில் வரி கட்டுபவர் 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. நீண்டகால நஷ்டமானால் அதை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிற நீண்டகால ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். நஷ்டத்தில் விற்க மனம் வராதவர்கள் இந்தக் கழிவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் கை சற்று எளிதாக அசையும்.

சந்தையில் வாங்கி இன்று நஷ்டத்தில் இருப்பவருக்கு, மூன்றில் எதைச் சொல்வேன் என்று கேட்டால், பாதிக்கு மேல் விற்றுப் பரவலான நிதிக்கு மாற்றிவிட்டு, முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய ஒரு பகுதியை மட்டும் 14ஏ-வின் முடிவு தெரியும்வரை வைத்திருக்கலாம் என்பேன். அந்தப் பகுதியை வைத்திருப்பவர் ஒவ்வொரு காலாண்டும் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். உற்பத்திப் பிரிவின் நஷ்டம் குறைகிறதா, அதன் வருவாயில் வெளியாரின் ஆர்டர் எவ்வளவு, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு. முதல் இரண்டும் நல்ல திசையில் போய், மூன்றாவது மறுபடி ஏறியிருந்தால், நிறுவனம் மீண்டுவருகிறது என்று செய்தித்தாள்கள் எழுதும் அதே வாரத்தில் மீதியையும் விற்றுவிடலாம்.